ஈல் ஓ எக்ரெட் தீவில் வழிகாட்டியோடு ஒரு நாள்: அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

கடல்நாரை எழுதியது:

மொரிஷியஸ் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரை, ஏழு வண்ண மண், கங்கா தலாவ் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தென்கிழக்கு மூலையில் மாயேபூர் விரிகுடாவில் கிடக்கும் ஈல் ஓ எக்ரெட் தீவைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதியவர்கள் என் கண்ணில் படவில்லை. அதற்காகவே இந்த இழை.

தீவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பரப்பு 26 ஹெக்டேர் அளவுதான். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மொரிஷியஸ் எரிமலையால் ஆன தீவு, இந்தத் திட்டோ பவளச் சுண்ணாம்புப் பாறை. 1965 முதல் இயற்கைக் காப்பகம். மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நம் இஷ்டத்துக்கு இறங்கிச் சுற்ற முடியாது. புவாந்த் ஜெரோம் துறையிலிருந்து படகில் கூட்டிப்போய், வழிகாட்டியோடு பாதையில் நடத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

எனக்குப் பிடித்தது, வழிகாட்டி தொடங்கிய இடம். பறவையைக் காட்டித் தொடங்கவில்லை, ஒரு கருங்காலி மரத்தடியில் நிறுத்தினார். பெரிய மரமில்லை, சும்மா நடந்தால் கவனிக்காமல் தாண்டிவிடுவோம். டச்சுக்காரர்கள் 1598இல் மொரிஷியஸில் இறங்கினார்கள், 1638இல் குடியேறினார்கள். அவர்கள் வெட்டிக் கப்பலேற்றியதில் முக்கியமான சரக்கு கருங்காலி. பெருந்தீவின் கடலோரத்தில் இருந்த வறண்ட கருங்காலிக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய இந்தத் திட்டு மட்டும்தான். இதுவும் சும்மா தப்பவில்லை. விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மேய்ந்தது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பீரங்கி மேடை கட்டியது. அந்தக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன.

அப்புறம்தான் உயிரினங்கள். நடைபாதையில் ஒரு பாறை அசைகிறதே என்று பார்த்தால் அல்டாப்ரா ராட்சத ஆமை (அல்டாப்ரா என்பது சீஷெல்ஸ் நாட்டின் ஒரு பவளத்தீவு). காலருகில் வந்து, ஏதாவது விழுமா என்று தலையைத் தூக்கிப் பார்க்கும் டெல்ஃபேர் அரணை. இலையில் ஒட்டிய நீலமும் சிவப்புமான சின்னப் பகல் பல்லி. மேலே கிளையில், கொஞ்சம் அசமந்தமாக உட்கார்ந்திருந்த இளஞ்சிவப்புப் புறா. அந்தப் புறா 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகத்திலேயே காட்டில் பத்துதான் மிச்சம் என்ற நிலைக்குப் போயிருந்தது. இன்றைக்குச் சில நூறு இருக்கின்றன. அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் உச்ச அபாய நிலையிலிருந்து 2000இல் ஒரு படி, 2018இல் இன்னொரு படி இறங்கியிருக்கிறது.

காலையில் தீவு, மதியம் பக்கத்திலேயே புளூ பே கடல் பூங்காவில் கண்ணாடி அடித்தளப் படகு என்று ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். புளூ பே பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பவளம் பார்த்தோம், வந்தோம்.

போய் வந்தவர்கள், போக நினைப்பவர்கள் எழுதுங்கள்.

---

வெயில்மனிதன் எழுதியது:

நானும் போயிருக்கிறேன். நன்றாகத்தான் நடத்தினார்கள், அதில் குறை இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், இது காடா? புறாவுக்கு உணவு மேடை. ஒவ்வொரு பறவையின் காலிலும் வண்ண வளையம். ஆமை வேறொரு நாட்டு ஆமை. அரணையை வேறு தீவிலிருந்து கொண்டுவந்து விட்டது. செடி நாற்றங்காலில் வளர்த்து நட்டது. கூண்டு இல்லை என்பதைத் தவிர மிருகக்காட்சிசாலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காட்டுயிர் பார்க்கிறோம் என்று போய், மனிதன் அடுக்கி வைத்த பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

---

ஆமைநடை எழுதியது:

வெயில்மனிதன், நீங்கள் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. ஆனால் முடிவு நேர் எதிராக வர வேண்டும் என்பேன்.

ஆமையை எடுத்துக்கொள்வோம். மொரிஷியஸில் இரண்டு வகை ராட்சத ஆமைகள் இருந்தன. கப்பல்காரர்களுக்கு அவை நடமாடும் இறைச்சி. மாதக்கணக்கில் தீனி இல்லாமலே உயிரோடு கிடக்கும் என்பதால் கப்பலின் அடித்தளத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். முட்டையையும் குஞ்சையும் எலியும் பன்றியும் பார்த்துக்கொண்டன. இரண்டுமே அழிந்தன. ஆமை போனதோடு கதை முடியவில்லை. கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட ஆளில்லை. பழம் தாய்மரத்தடியிலேயே விழுந்து, அங்கேயே கிடந்தது. வெட்டுவதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியும், மரம் இல்லாத பகுதிகளில் கருங்காலி தானாகத் திரும்பி வரவில்லை.

2000இல் அல்டாப்ரா ஆமைகளை இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் சில ஆமைகளை அடைத்து வைத்து, உள்ளூர்ச் செடிகளை மேய்ந்து நாசம் செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் திறந்து விட்டார்கள். ஆமை குடல் வழியாக வந்த கருங்காலி விதை, அப்படியே கிடந்த விதையைவிட நன்றாக முளைத்தது. காட்டின் வெட்டப்பட்ட பகுதிகளில் சாணம் கிடக்கும் இடமெல்லாம் கன்றுகள் கொத்துக் கொத்தாக வந்தன. செத்துப்போன ஆமையின் உத்தியோகத்துக்கு இன்னொரு ஆமையை நியமித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மிருகக்காட்சிசாலை ஆமைக்கு இந்த வேலை கிடையாது.

இன்னொன்று. அல்டாப்ரா ஆமையே தப்பிப் பிழைத்ததில் மொரிஷியஸுக்குப் பங்கு உண்டு. 1874இல் மொரிஷியஸ் ஆளுநருக்கு ஒரு மனு போனது, அல்டாப்ராவில் மிச்சமிருக்கும் ஆமைகளைக் காப்பாற்றுங்கள் என்று. கையெழுத்துப் போட்டவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். இன்றைக்கு அல்டாப்ராவில் அந்த ஆமைகள் ஒரு லட்சத்துக்கு மேல்.

---

சிட்டுக்கூடு எழுதியது:

டார்வின் மனுவில் கையெழுத்துப் போட்டது இப்போதுதான் தெரியும். எங்கள் வழிகாட்டி இதைச் சொல்லவே இல்லையே.

---

தாவரன் எழுதியது:

தீவுக்குப் போனவர்கள் யாரும் மூஞ்சூறு பற்றிச் சொல்லவில்லை என்பது ஆச்சரியம். எனக்கு அந்தப் பயணத்தில் மறக்காதது அதுதான்.

எலிகளை 1991வாக்கில் விஷம் வைத்து முழுதாக ஒழித்துவிட்டார்கள். பூனையும் ஒழிந்தது. ஆனால் மூஞ்சூறு இன்னும் தீவில் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரோரம் கீச்சுக் கீச்சென்று ஓடுமே, அதே இந்திய மூஞ்சூறுதான், கப்பலேறி அங்கே போயிருக்கிறது. எலிக்கு வைக்கிற விஷ முறை இதற்குச் சரிப்படவில்லை. பொறி வைத்துப் பிடித்து ஒழிக்க முயன்றார்கள். அதே விரிகுடாவில் இருக்கும் ஈல் டி லா பாஸ் என்ற சின்னத் திட்டில் அது பலித்தது. ஈல் ஓ எக்ரெட்டில் பலிக்கவில்லை. எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது, ஆனால் கடைசிச் சிலவற்றைப் பிடிக்க முடியாமல் போய், பழையபடி பெருகிவிட்டது.

இதனால் என்ன என்றால், சின்ன அரணைகளை இந்தத் தீவில் விட முடியாது. மூஞ்சூறு தின்றுவிடும். டெல்ஃபேர் அரணை உடம்பு பெரியது, தாக்குப்பிடிக்கும் என்று 2006இல் கொண்டுவந்தார்கள். 2010இல் குந்தர் பல்லி. இரண்டுமே வடக்கே இருக்கும் ரவுண்ட் ஐலண்டில் மட்டும் பிழைத்திருந்தவை. எல்லா முட்டையும் ஒரே தீவில் இருந்தால், ஒரு கப்பலிலிருந்து ஒரு சினை எலி இறங்கினால் போதும், கதை முடிந்தது. அதனால்தான் இடம் மாற்றி வைக்கிறார்கள்.

எங்கள் வழிகாட்டி மூஞ்சூறு விஷயத்தில் "நாங்கள் தோற்ற இடம் இது" என்று வெளிப்படையாகச் சொன்னார். எந்தச் சுற்றுலாவிலும் இப்படி ஒரு வாக்கியம் நான் கேட்டதில்லை. வழிகாட்டியின் தரத்தை நான் அளப்பதே இப்போது இதை வைத்துத்தான். எதைக் காட்டுகிறார் என்பது இரண்டாம்பட்சம். நடக்காமல் போனதைச் சொல்கிறாரா?

---

நிழற்குடை எழுதியது:

எலிக்கு விஷம், மூஞ்சூறுக்குப் பொறி, பூனைக்கு என்னவோ. இவற்றையெல்லாம் கொண்டுவந்து விட்டது மனிதன். தண்டனை மட்டும் அவற்றுக்கா? ஒரு உயிரைக் காக்க இன்னொரு உயிரைக் கொல்வதை "பாதுகாப்பு" என்று அழைப்பது எனக்கு உறுத்துகிறது. சுற்றுலாப் பயணிகளிடம் இதை எவ்வளவு அழகாகப் பூசி மெழுகிச் சொல்கிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன்.

---

தாவரன் எழுதியது:

உறுத்தத்தான் வேண்டும். உறுத்தாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஆனால் சும்மா இருப்பதும் ஒரு முடிவு, அதிலும் உயிர் போகிறது. பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் பின்டா என்று ஒரு தீவு. 1959இல் மூன்று ஆடுகளை விட்டார்கள். பதினைந்து வருடம் சொச்சத்தில் அவை பல்லாயிரம் ஆகித் தீவை மொட்டையாக்கின. அந்தத் தீவின் கடைசி ஆமைதான் லோன்சம் ஜார்ஜ், 2012இல் செத்தது. அந்த வகை அதோடு போயிற்று.

அதே கலாபகஸில் இசபெலா, சாண்டியாகோ தீவுகளில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டார்கள். கடைசியில் ஒளிந்திருந்தவற்றைக் கண்டுபிடிக்க "யூதாஸ் ஆடு" முறை. ஒரு ஆட்டுக்கு ரேடியோ பட்டை கட்டி விட்டுவிடுவார்கள். ஆடு தனியாக இருக்காது, கூட்டத்தைத் தேடிப் போகும். ஹெலிகாப்டர் பின்னால் போகும். மற்றவற்றைச் சுட்டுவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பார்கள், அது அடுத்த கூட்டத்தைத் தேடிப் போகும். படிக்கவே வயிற்றைப் பிசைகிறது. ஆனால் செடிகள் திரும்பி வந்தன, ஆமைக்கு மேய்ச்சல் கிடைத்தது. இதை மாற்ற வேறு வழி அன்றைக்கு யாரிடமும் இல்லை.

பூசி மெழுகுகிறார்கள் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அப்படிச் செய்கிற வழிகாட்டி பயணியைக் குழந்தையாக நடத்துகிறார்.

---

நிழற்குடை எழுதியது:

வேறு வழி இல்லை என்பதை ஏற்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் பின்டா கணக்கு யோசிக்க வைக்கிறது. மூன்று ஆடுகள்!

---

பழைய_மீகாமன் எழுதியது:

நியூசிலாந்தில் டிரிடிரி மாடாங்கி தீவுக்குப் போனவன் என்ற முறையில் ஒரு ஒப்பீடு. அங்கே நூறு வருடத்துக்கு மேல் விவசாயம் நடந்து, தீவு வெறும் புல்வெளியாகக் கிடந்தது. 1984 முதல் பத்து ஆண்டுகள் தன்னார்வலர்கள் வந்து இரண்டரை லட்சத்துக்கும் மேல் மரக்கன்று நட்டார்கள். யார் வேண்டுமானாலும் வந்து நடலாம் என்று திறந்து விட்டதுதான் அதன் வெற்றி. இன்றைக்கு அங்கே நடந்தால் காது கொள்ளாத பறவைச் சத்தம். பறக்கத் தெரியாத டாகஹே பறவை பாதையில் நமக்கு முன்னால் நடந்து போகிறது. வழிகாட்டுகிறவர்களும் தன்னார்வலர்கள்தான்.

படகு ஏறும் முன் பையைத் திறந்து பார்க்கச் சொல்வார்கள், செருப்படியைத் தேய்க்கச் சொல்வார்கள். எலி, எறும்பு, விதை எதுவும் கூட வரக்கூடாது. சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள். எனக்கோ, சுற்றுலாவின் முக்கியமான நிமிடமே அதுதான் என்று பட்டது. அந்த இடத்தில்தான் நாமும் ஒரு ஆபத்து என்று தெரிகிறது.

வெயில்மனிதன் சொன்ன "அடுக்கி வைத்த பட்டியல்" அங்கேயும் அப்படியே பொருந்தும். மரமெல்லாம் நட்டது, பறவையெல்லாம் கொண்டுவந்து விட்டது. ஆனால் அங்கே யாரும் அதை மறைப்பதில்லை, பெருமையாகச் சொல்கிறார்கள்.

---

வெயில்மனிதன் எழுதியது:

சரி, ஆமை விஷயத்தில் ஆமைநடை சொன்னதை ஏற்கிறேன். வேலை செய்கிற ஆமைதான். ஆனால் புறாவுக்கு இன்னும் சாப்பாடு போடுகிறார்களே? எத்தனை வருடத்துக்கு? கையை எடுத்தால் விழுந்துவிடும் என்றால் அது மீட்பு ஆகாது, முட்டுக்கொடுப்பு.

---

ஆமைநடை எழுதியது:

நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை.

புறாவின் பிரச்சினை சாப்பாடு மட்டுமல்ல. பத்துப் பறவையிலிருந்து பெருகிய கூட்டம் என்றால் எல்லாம் நெருங்கிய சொந்தம். முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு நோயில் சாகும். ட்ரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் தொண்டை நோய் குஞ்சுகளை நிறையக் கொல்கிறது. இதற்காக ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் பல தலைமுறையாக இருக்கும் புறாக்களின் வாரிசுகளைக் கொண்டுவந்து, காட்டில் தொலைந்துபோன மரபணு வகைகளைத் திரும்பச் சேர்க்கப் பார்க்கிறார்கள். நீங்கள் கேலி செய்த மிருகக்காட்சிசாலைதான் இங்கே சேமிப்புக் கணக்கு.

வல்லூறு கதையையும் பாருங்கள். 1974இல் மொரிஷியஸ் வல்லூறு நான்கு. அதில் முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று. உலகத்தின் அரிய பறவை என்று பேர் வாங்கியது. 1979இல் அங்கே போன பறவை ஆய்வாளர் கார்ல் ஜோன்ஸ், கூட்டிலிருந்து முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைத்தார். முட்டை போனால் பறவை மறுபடி இடும், அதுதான் சூட்சுமம். சில நூறாக வளர்த்துவிட்டு, இனி பிழைத்துக்கொள்ளும் என்று தீவிரப் பராமரிப்பிலிருந்து விலகினார்கள். எண்ணிக்கை திரும்ப இறங்கியது. 2014இல் செம்பட்டியலில் ஒரு படி மோசமான வகைக்கு மாற்றினார்கள். காடு பெருகவில்லை, பறவை மட்டும் பெருகினால் எங்கே போய் உட்காரும்?

ஆகவே முட்டுக்கொடுப்பு என்று நீங்கள் சொல்வது சரிதான். காடு மீளும்வரை அந்த முட்டுக்கொடுப்பை நிறுத்த முடியாது. கருங்காலி வளரும் வேகத்தைப் பார்த்தால், நம் பேரன் காலத்திலும் யாராவது அந்த மேடையில் தானியம் கொட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

---

கடல்நாரை எழுதியது:

ஆமைநடை, இந்தப் பதிவையே தனிக் கட்டுரையாக எழுதலாம் நீங்கள்.

வகாஷியோ பற்றி யாரும் தொடவில்லை. 2020 ஜூலை 25ஆம் தேதி அந்தச் சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் டன். ஈல் ஓ எக்ரெட் நேராக அதன் பாதையில். நாற்றங்காலில் இருந்த செடிகளைப் படகில் ஏற்றிப் பெருந்தீவுக்குக் கொண்டுபோனார்கள். அரிய குருவிகளில் சிலவற்றைப் பிடித்துப் பாதுகாப்பான கூண்டுகளுக்கு மாற்றினார்கள். அந்த விரிகுடாத் திட்டுகளில் இருந்த சின்ன அரணைகளையும் பல்லிகளையும் சேகரித்து, ஒரு பகுதியை இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவின் மிருகக்காட்சிசாலைக்கே அனுப்பினார்கள்.

கரையில் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, நீளநீளமான மிதவைகள் செய்து எண்ணெயைத் தடுத்தார்கள். தலைமுடி வெட்டிக் கொடுத்தவர்கள்கூட உண்டு, முடி எண்ணெயை உறிஞ்சும் என்று. கரும்புக்காக ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தீவு, ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் இருக்கிற தீவு. அந்தச் சோகைப் படங்களைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. விஷயத்தை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும்.

---

சிட்டுக்கூடு எழுதியது:

மொரிஷியஸை ரொம்பவும் தூக்கி வைக்கிறோமோ? அதே நாட்டு அரசாங்கம்தான் பழந்தின்னி வௌவாலை ஆயிரக்கணக்கில் சுட்டது. 2015, 2016, 2018 ஆண்டுகளில். லிச்சியும் மாம்பழமும் நாசமாகிறதாம். அந்த வௌவால் உலகத்தில் ஏறக்குறைய இங்கே மட்டும்தான் இருக்கிறது. கருங்காலி விதையைப் பரப்ப ஆமை இல்லை என்று வேறு ஊர் ஆமையைக் கொண்டுவருகிறார்கள். உள்நாட்டிலேயே விதை பரப்பும் பிராணியைச் சுடுகிறார்கள்.

---

பழைய_மீகாமன் எழுதியது:

பழ விவசாயி பக்கமும் ஒரு வருமானம் இருக்கிறது. மரத்துக்கு வலை போடுவதற்கு அரசு மானியம் கொடுத்தது. சின்ன மரத்துக்குச் சரி, முப்பது அடி மாமரத்துக்கு வலை எப்படிப் போடுவது? ஆனாலும் சுட்டதால் மகசூல் கூடியதாகத் தெரியவில்லை, 2018இல் அந்த வௌவால் செம்பட்டியலில் இன்னும் மோசமான வகைக்குப் போனதுதான் மிச்சம்.

வழிகாட்டியோடு போகும்போது வௌவால் பற்றிக் கேளுங்கள். எப்படிப் பதில் சொல்கிறார் என்பது தாவரன் சொன்ன அளவுகோலுக்கு நல்ல சோதனை.

---

மணல்நண்டு எழுதியது:

வேறொரு நாட்டில், பெயர் வேண்டாம், "காட்டுயிர்ப் பாதுகாப்புச் சுற்றுலா" என்று ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார்கள். கடலாமைக் குஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தார்கள், போட்டோ எடுக்க. பகல் வெயிலில். அப்புறம் கடலில் விடச் சொன்னார்கள். மேலே மீன்கொத்திகளும் கடற்காக்கைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. நான் ஏன் இரவில் விடக்கூடாது என்று கேட்டதற்கு, "இரவில் சுற்றுலா இல்லையே" என்று பதில்.

அதற்கும் இங்கே பேசுகிற தீவுக்கும் உள்ள வித்தியாசம்: ஈல் ஓ எக்ரெட்டில் எதையும் நம் கையில் கொடுக்க மாட்டார்கள். தரையில் எதைத் தொடக்கூடாது, பாதையை விட்டு ஏன் இறங்கக்கூடாது என்றுதான் பாதி நேரம் பேசுவார்கள். கலாபகஸிலும் இதே கண்டிப்பு என்று கேள்வி. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்கா இடங்களில் இறங்க முடியாது, விலங்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

---

கொன்றைப்பூ எழுதியது:

அருமையான இழை. இரண்டு நடைமுறைக் கேள்விகள். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. கூட்டிப்போகலாமா? அப்புறம், ரவுண்ட் ஐலண்டுக்கும் இப்படிச் சுற்றுலா இருக்கிறதா? அரணைகளின் சொந்த ஊரைப் பார்க்க ஆசை.

---

கடல்நாரை எழுதியது:

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். தீவு தட்டையானது, ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. படகில் ஏறி இறங்கும்போது மட்டும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பவளப்பாறை கரடுமுரடு, மூடிய காலணி நல்லது. கொசு உண்டு, நிழலில் இன்னும் அதிகம். தண்ணீர் கையோடு. வெயில் ஏறுவதற்குள் போகிற காலைப் படகைப் பிடித்தால் பறவையும் நன்றாகத் தெரியும், அம்மாவுக்கும் களைப்புக் குறைவு.

---

தாவரன் எழுதியது:

ரவுண்ட் ஐலண்டுக்குச் சுற்றுலா கிடையாது. பொதுமக்கள் இறங்க அனுமதி இல்லை. ஆடுகளை 1979இலும் முயல்களை 1986இலும் ஒழித்த பிறகு மெல்லத் தேறிவருகிற தீவு அது, எலி இதுவரை கால் வைக்காத இடம். அங்கே தங்கி வேலை செய்கிறவர்களே சாமான்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எலி புக முடியாத டப்பாக்களில் அடைத்துத்தான் கொண்டுபோகிறார்கள். நமக்கு ஈல் ஓ எக்ரெட் அரணைதான். அதுவே காலடியில் வந்து நிற்கும், பையைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.